டிஸ்னி வேர்ல்ட் பயணம்: சாப்பாட்டுச் செலவைக் குறைக்க எது சரியான வழி?

அட்லாண்டா அம்மு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் விடுமுறையில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் காரில் போகிறோம். நாலு இரவு தங்கல், நாலு நாள் பார்க். நாங்கள் இருவர், எட்டு வயது மகன், இரண்டரை வயது மகள், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். டிக்கெட் எடுத்ததிலேயே கையைக் கடித்துவிட்டது. சாப்பாட்டிலாவது கொஞ்சம் பிடித்துச் செலவு செய்யலாம் என்று பார்க்கிறேன்.

மாமியார் சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். மாமனாருக்குச் சர்க்கரை, மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். மகனுக்கு பீட்சா, ஃப்ரைஸ் இருந்தால் போதும். நானும் கணவரும் எதுவும் சாப்பிடுவோம்.

இப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, டிஸ்னி ஹோட்டலில் தங்கி டைனிங் பிளான் (சாப்பாட்டுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் திட்டம்) வாங்குவது. விரைவு உணவுக்கான பிளான் மட்டும் எடுத்தாலே எங்களுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி வருகிறது. இரண்டு, டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நாமே சமைப்பது. மூன்று, டிஸ்னி ஹோட்டலிலேயே மைக்ரோவேவ் உள்ள ஃபேமிலி சூட் எடுத்து, பாதி கட்டிக்கொண்டு போய் பாதி வாங்கிச் சாப்பிடுவது.

பார்க்குக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக உண்மையிலேயே விடுகிறார்களா? வாசலில் டப்பாவைத் திறந்து பார்த்து, பெரியவர்கள் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டால் மனசு கஷ்டமாகிவிடும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராலே மீனாட்சி:

வணக்கம் அம்மு. 2024 நவம்பரில் நாங்கள் ஐந்து இரவு தங்கினோம். நான், கணவர், என் அம்மா, ஏழு வயது மகள். என் அம்மாவும் உங்கள் மாமியாரைப் போலத்தான். அதனால் இந்தக் கணக்கை ஒரு வாரம் உட்கார்ந்து போட்டேன். என் முடிவு மூன்றாவது வழி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். வீட்டுச் சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவுப் புட்டிக்கு மட்டும் விலக்கு), மது கூடாது, உள்ளே போய்ச் சூடு பண்ண வேண்டிய சாப்பாடாக இருக்கக் கூடாது, மூக்கைத் துளைக்கும் வாசனை கூடாது. உதிரி ஐஸும் கூடாது. உறைய வைக்கும் ஜெல் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம். ஊறுகாயை மட்டும் பாட்டிலோடு எடுக்காமல் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து நாளும் எங்கள் எவர்சில்வர் டப்பாக்களை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் சோதனையில் நின்ற அம்மாள் திறக்கச் சொல்லிப் பார்த்து, சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார்.

இப்போது பிளான். 2024-ல் விரைவு உணவு பிளான் ஒரு இரவுக்குப் பெரியவருக்கு 57.01 டாலர், 3 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு 23.83 டாலர். அதில் ஒரு நாளைக்கு இரண்டு சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி, பயணம் முழுக்க ஹோட்டலில் நிரப்பிக்கொள்ள ஒரு குவளை. அறையில் உள்ள 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாங்க முடியும். எனக்கு வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம் என்று பிரிக்க முடியாது.

சைவக்காரருக்கு இது கட்டாது. அங்கே விலை கூடிய தட்டெல்லாம் கறி, மீன் தட்டுகள். அம்மா சாப்பிடக்கூடிய தட்டு 13 டாலர் அளவில்தான் இருந்தது. கூட ஒரு பானம் நாலரை டாலர். ஆக இரண்டு வேளைக்கு 35. நொறுக்குத்தீனி 6. குவளை தனியாக வாங்கினால் 22 டாலர் போல வரும், ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாலரை. எல்லாம் சேர்த்து 45 டாலர் சாப்பாட்டுக்கு 57 கொடுக்கிறோம். அதுவும் அம்மா இரண்டு வேளையும் சைவ பர்கர் சாப்பிட்டு, இரண்டு வேளையும் சோடா குடித்தால்தான். அவர் கேட்பது வெந்நீரும் மோரும்.

எங்கள் நாலு பேருக்கு ஐந்து இரவுக்குப் பிளான் 974 டாலர் ஆகியிருக்கும். வாங்காமல் நாங்கள் செலவழித்தது மளிகை 110, தினம் ஒரு வேளை வாங்கிச் சாப்பிட்டது மொத்தம் 285, ஐஸ்கிரீம், பாப்கார்ன் மாதிரியானவை 125, கடைசி நாள் உட்கார்ந்து சாப்பிட்டது 75. மொத்தம் 595 டாலர். ஒரு வேளைகூட யாரும் பசியோடு இருக்கவில்லை.

எப்படிச் செய்தோம் என்றால், ஆல் ஸ்டார் மியூசிக் என்ற டிஸ்னி ஹோட்டலில் ஃபேமிலி சூட் எடுத்தோம். ஆறு பேர் தங்கலாம், குளியலறை இரண்டு, சின்ன ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், பாத்திரம் கழுவ சிங்க் எல்லாம் உண்டு. ரைஸ் குக்கர், ஹாட் பிளேட் எல்லாம் எடுத்துப் போகாதீர்கள், அறையில் வைத்துச் சமைக்கக் கூடாது. சமைக்கத் தேவையும் இல்லை. வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இட்லி மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய், வறுத்த மோர் மிளகாய் எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் 90 விநாடியில் சூடாகும் சாதப் பொட்டலம், பால், தயிர், வாழைப்பழம், ரொட்டி வாங்கினோம். ஜாஸ்மின் அரிசிப் பொட்டலமாக வாங்குங்கள், குழைந்து வரும். பாஸ்மதி தயிர்சாதத்துக்கு ஒத்துவராது.

தயிர்சாதத்தை அம்மாதான் பிசைந்தார். சூடான சாதத்தை அகப்பையின் பின்பக்கத்தால் நன்றாக மசித்து, ஆறியதும் பாலைத் தளர ஊற்றி, தயிர் இரண்டே கரண்டி. ஜெல் பொட்டலத்துக்கு நடுவே வைத்துக்கொண்டு போனால் மதியம் திறக்கும்போது புளிப்பே ஏறாமல் சில்லென்று இருக்கும். தள்ளுவண்டியின் கீழ்க்கூடையில் அந்தப் பை அழகாக உட்கார்ந்துவிடும். உங்களிடம் இரண்டரை வயதுக் குழந்தை இருக்கிறது, வண்டி எப்படியும் வரும்.

மேஜிக் கிங்டம் பார்க்கில் முதல் நாள் பன்னிரண்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கொலம்பியா ஹார்பர் ஹவுஸில் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டோம். கீழே அவ்வளவு கூட்டம், மாடியில் பாதி மேசை காலி. என் மகள் கோழித்துண்டுகளைச் சாப்பிட, அம்மா டப்பாவைத் திறந்தார். மாதுளை முத்து போட்ட தயிர்சாதம், ஓரத்தில் ஒரு மோர் மிளகாய். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. காலையிலிருந்து "கால் வலிக்கிறது, நீங்கள் போய்ட்டு வாங்க" என்றவர், சாப்பிட்டு முடித்ததும் அடுத்து எந்த ரைடு என்று கேட்டார். பணத்தைவிட எனக்கு அதுதான் பெரிது.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். சோடா மெஷின் உள்ள எந்த விரைவு உணவுக் கடையிலும் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். வெயிலில் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் விரைவு உணவுக் கடைகளில் பிள்ளைகளுக்கான தட்டைப் பெரியவர்களும் வாங்கலாம். மாமனாருக்கு அந்த அளவே போதுமாக இருக்கும்.

மெனுவில் சின்ன இலைக் குறி போட்டிருந்தால் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று அர்த்தம். மாமியாருக்கு அதை நம்பி வாங்கலாம். ஃப்ரைஸ் மட்டும் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனிமல் கிங்டம் பார்க்கில் சத்துலி கேன்டீனில் டோஃபு போட்ட கிண்ணம் எங்கள் அம்மாவுக்குப் பிடித்தது.

கடைசியாக, மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு நாளாவது சானா என்ற உணவகத்துக்குப் போய் வாருங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது, அங்கே தங்காதவர்களும் போகலாம். பிரெட் சர்வீஸ் என்று கேளுங்கள். நான் ரொட்டி, வெங்காயக் குல்ச்சா, பன்னீர் பராத்தா என்று ஐந்து வகை, தொட்டுக்கொள்ள புளிச் சட்னி, மல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய், வெள்ளரி ரைத்தா என்று ஒன்பது வகை. பெரியவர்கள் பகிர்ந்து சாப்பிடலாம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். இருட்டுவதற்கு முன் போங்கள், அப்போதுதான் தெரியும்.

இரட்டையர் அப்பா:

நாங்கள் இரண்டாவது வழியில் போனவர்கள். கிஸ்ஸிம்மியில் மூன்று படுக்கையறை வீடு, முழுச் சமையலறை. ஆரஞ்சு பிளாசம் டிரெயில் சாலையில் இந்திய மளிகைக் கடைகள் இருப்பதால் மாவிலிருந்து முருங்கைக்காய் வரை எல்லாம் கிடைத்தது. சாப்பாட்டுச் செலவு மட்டும் பார்த்தால் இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கணக்கில் சேருங்கள். வெளியே தங்கினால் பார்க்கிங் காசு தனி. நாங்கள் போனபோது ஒரு நாளைக்கு 30 டாலர், உங்களுக்கு நாலு நாள் என்றால் 120. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அது இல்லை. இன்னொன்று நேரம். டிஸ்னி ஹோட்டல்காரர்களை எல்லா நாளும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள், கூட்டமே இல்லாத நேரம் அது. நாங்களோ காலையில் பொங்கல், சட்னி, மதியத்துக்குச் சப்பாத்தி என்று முடித்துக் கிளம்பி, வாசலை அடையப் பத்தரை ஆகிவிடும். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் நிறுத்துமிடத்திலிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும், அது இன்னும் தாமதம்.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றுக்கு என் மனைவியும் அம்மாவும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசே சரியில்லை. அடுத்த நாளிலிருந்து காலைச் சாப்பாடு ரொட்டி, பழம், பால் என்று மாற்றினேன். ஒன்பதுக்கு முன்னால் வாசலில் நின்றோம். வீடு எடுப்பதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

டாம்பா குமார்:

பிளானைப் பற்றி ஒரு வார்த்தை. சைவக்காரர்களுக்கு அது கட்டாது என்று மீனாட்சி சொன்னது சரி. நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள், இரவில் நானும் மனைவியும் ஒரு பீர் குடிப்போம். 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவும் பிளானில் அடங்கும். அதோடு மிக்கி வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் ஷெஃப் மிக்கீஸ் மாதிரி உணவகங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பெரியவருக்கு 60 டாலருக்கு மேல் ஆகும். உட்கார்ந்து சாப்பிடும் பெரிய பிளானில் அது ஒரு கிரெடிட்தான் (பிளானில் வரும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்கு). 2025-ல் பெரியவர்கள் பிளான் வாங்கினால் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் மூன்று பேர் என்றால் எங்களுக்கு நல்ல லாபம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு, அந்த வயதில் பிள்ளை ஒன்றுதான். கணக்கு தலைகீழ். கிரெடிட் மிச்சமிருந்தால் அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

உங்கள் சின்னவளுக்கு 3 வயது ஆகவில்லை, அதனால் டிக்கெட் கிடையாது, உங்கள் தட்டிலிருந்தே ஊட்டலாம். ஒவ்வொரு பார்க்கிலும் பேபி கேர் சென்டர் இருக்கிறது, அங்கே மைக்ரோவேவ் உண்டு. அவளுடைய பருப்புசாதத்தை அங்கே சூடு பண்ணிக்கொள்ளலாம்.

அட்லாண்டா அம்மு:

மூவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். ஃபேமிலி சூட்டே எடுத்துவிட்டோம், பிளான் வேண்டாம் என்று முடிவு. காலையில் ரொட்டி, பழம், மதியம் கட்டிக்கொண்டு போவது, இரவு வாங்குவது. ஒரு மணிக்கு மாமனாருக்குச் சாப்பாடு கையிலேயே இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. வரிசையில் நிற்கும்போது கொடுக்க வறுத்த வேர்க்கடலையும் எடுத்துக்கொள்கிறேன்.

மீனாட்சி அக்கா, மாமியார் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். தயிர்சாதத்துக்கு அங்கேயே தாளித்தீர்களா, இல்லை வீட்டிலிருந்தேவா?

ராலே மீனாட்சி:

வீட்டிலிருந்தேதான். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, கறிவேப்பிலையை எண்ணெயில் தாளித்து, நன்றாக ஆறவிட்டு ஒரு சின்ன டப்பாவில் அடைத்துக்கொண்டேன். அறையில் ஃப்ரிட்ஜில் வைத்து தினம் ஒரு கரண்டி கலந்தோம். இஞ்சியைப் பொடியாக நறுக்கச் சொல்லுங்கள். பெருங்காயம் மட்டும் போட வேண்டாம், டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசை வரைக்கும் வாசனை போகும்.