உங்கள் தளத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

முதல் பதிவு

என் இணையதளத்தின் பெயர் 'நிழல்'. எனக்கு ழ பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். முகவரியில் ழ-வுக்கு இசட், எச் போட்டுப் பதிவு செய்தேன். நமக்கெல்லாம் பழகினதுதானே. இரண்டு மாதம் ராத்திரி உட்கார்ந்து, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் முழுக்கக் கையாலேயே எழுதினேன். முடிந்த அன்று, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைத்தான் முதலில் போனில் அழைத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

"வரலியேப்பா" என்றார். எல் போட்டிருக்கிறார்.

"ழ-வுக்கு இசட், எச், சார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ழகரத்துக்குள்ள இசட் எங்கேர்ந்துப்பா வந்துச்சு?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. தளத்தைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. உங்கள் கதையையும் சொல்லுங்களேன்.

மறுமொழி 1

என்னுடையது பெயர் வைத்த கதை இல்லை, பெயர் பறிபோன கதை. மகள் பிறந்ததும் அவள் செல்லப்பெயரில் ஒரு டாட் காம் வாங்கினேன். அவள் கிறுக்கிய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டே வந்தேன். பதிவு செய்ததோ பழைய அலுவலக மின்னஞ்சலில். வேலை மாறியதும் அந்த முகவரி போயிற்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல்கள் எல்லாம் ஆளில்லாத பெட்டிக்குப் போயிருக்கின்றன.

ஒரு நாள் மகள் தன் தோழிக்குக் காட்டுவதற்காக அதைத் திறந்தாள். சூதாட்ட விளம்பரம்.

"அப்பா, என் பேர்ல யாரோ கடை வெச்சிருக்காங்க."

டாட் காம் காலாவதியான மறுநாளே கை மாறிவிடாது. பதிவு நிறுவனம் சில நாள் விட்டுப்பிடிக்கும். அப்புறம் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள். அதற்கும் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாமல் கிடந்து, அப்புறம்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். இத்தனை நாளும் நான் தூங்கியிருக்கிறேன்.

மறுமொழி 2

முதலில் எழுதியவருக்கு: ஆசிரியர் கேட்டது நியாயம். தமிழ் எழுத்திலேயே முகவரி வாங்க முடியும்போது இசட்டைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? நான் தமிழில்தான் வாங்கினேன். நண்பருக்கு அனுப்பியபோது எக்ஸ்என் என்று தொடங்கி, இரண்டு கோடு போட்டு, என்னவோ கிறுக்கலாகப் போய்ச் சேர்ந்தது. வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார். அது வேறு விஷயம்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பு ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு இவற்றை வைத்தே வளர்ந்தது. அதனால் தமிழ்ப் பெயரை ப்யூனிகோடு என்ற முறையில் அந்த எழுத்துகளாக மாற்றி வைக்கிறார்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் 63 இடம்தான். மாற்றும்போது பெயர் நீண்டுவிடும், ஆகவே சின்னப் பெயராக வையுங்கள். பெயரில் நடுக்கோடு வேண்டவே வேண்டாம், வாயால் சொன்னால் யாருக்கும் நிற்காது. வாங்குவதற்கு முன் அந்தப் பெயரில் முன்பு என்ன இருந்தது என்று, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பாருங்கள். மகள் பெயரைத் தொலைத்தவருக்கு: தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். வங்கி அட்டை காலாவதியானால் அதுவும் நின்றுவிடும், அதையும் கவனியுங்கள். தொடர்பு மின்னஞ்சலை ஒருபோதும் அதே தளத்தின் பெயரில் வைக்காதீர்கள். பெயர் போனால் மடலும் போய்விடும்.

மறுமொழி 3

வைரஸ் என்று அழித்தது வேறு விஷயமா? அதுதானே ஐயா விஷயமே! பார்த்ததும் மனிதர் பயந்து அழிக்கிற முகவரி எந்த மொழியில் இருந்து என்ன பயன்? கேட்காத அறிவுரை வேறு.

சரி, என் கதை. என் முழுப்பெயரில் தளம் வேண்டுமென்று தேடினேன். அதே பெயர் கொண்ட யாரோ ஒருவர் எனக்கு முன்பே எடுத்திருக்கிறார். உள்ளே போனால், தலையில் தொப்பி வைத்து மண்வெட்டியால் தோண்டும் அந்தப் பழைய அசையும் படம், கீழே 'தளம் கட்டப்படுகிறது' என்று ஒரு வரி. வேறொன்றும் இல்லை. விலைக்குத் தருவீர்களா என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது.

"தம்பி, நம்ம பேர்தானா உங்களுக்கும்! இன்னும் கட்டி முடிக்கல. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து வேறு முகவரி வாங்கிக்கொண்டேன். இது நடந்து பல வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறையாவது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். தொப்பிக்காரர் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

முதல் பதிவர்

அனைவருக்கும் நன்றி. தமிழ் எழுத்து முகவரி பற்றி யோசித்தேன், வைரஸ் கதையைப் படித்ததும் விட்டுவிட்டேன். எல் போட்ட முகவரி சும்மாதான் கிடந்தது. அதையும் வாங்கி இதற்கே திருப்பிவிட்டேன். இனி சார் எப்படித் தட்டினாலும் வந்து சேருவார்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ழகரத்துக்குள்ள லகரம் எங்கேர்ந்து வந்துச்சு என்று கேட்பார்.