சித்தோசேயில சால்மன் ஏறுறதைப் பார்க்க எந்த மாசம் போகலாம்?

குடியாத்தம்_செல்வி:
பையன் ஜப்பான்ல, சப்போரோவுல வேலை பார்க்கிறான். அக்டோபர்ல நானும் வீட்டுக்காரரும் போறோம். பக்கத்துல சித்தோசே ஊர்ல மீன் காட்சியகம் இருக்காம், சால்மன் கடல்லேர்ந்து ஆத்துக்குத் திரும்புறதைப் பார்க்கலாமாம். தொட்டியில விட்ட மீனா, நெஜமாவே ஆத்து மீனா? கௌண்டன்யா ஆத்துல புதுத்தண்ணி வர்றப்போ கெண்டை எதிர்த்து ஏறுறதைப் பார்த்து வளர்ந்தவ நான். தொட்டி மீனுக்காக ஒரு நாளைக் கழிக்க மனசில்ல.

ராணிப்பேட்டை_பாபு:
விமானம் எறங்குறதே நியூ சித்தோசேயிலதான் அக்கா. ரயில்ல ரெண்டாவது ஸ்டேஷன் சித்தோசே. அங்கேர்ந்து பத்து நிமிஷ நடை.

காட்பாடி_ரவி:
கண்டிப்பா போங்க அக்கா. மேல தொட்டிங்களும் இருக்கு, நல்லாத்தான் இருக்கும். ஆனா நீங்க நேரா கீழ எறங்கிடுங்க. சித்தோசே ஆத்தோட கரைச்சுவத்துல, தண்ணி மட்டத்துக்குக் கீழ ஜன்னல் வச்சிருக்காங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடுறது ஆறேதான். யாரும் மீனைக் கொண்டாந்து விடுறதில்ல, வந்தா வரும்.

நான் போனப்போ ஒரு பெண் மீன் ஜன்னலை ஒட்டியே நின்னுச்சு. பக்கவாட்டுல படுத்து வாலால கூழாங்கல்லை அடிச்சு அடிச்சு, முட்டை போடப் பள்ளம் பறிக்குது. தோல் உரிஞ்சு வால் ஓரமெல்லாம் வெள்ளையா போயிருந்துச்சு. ஆத்துல நுழைஞ்சா அதுங்க தீனியே எடுக்காது, உடம்புல சேர்த்து வச்ச கொழுப்புலயே ஏறி வரும். முட்டை போட்டதும் ஆணும் பெண்ணும் செத்துடும். பெரும்பாலும் நாலு வருஷம் கடல்ல சுத்திட்டு, பொறந்த ஆத்தோட வாசனையை மோந்து திரும்பி வருது. அவ்ளோ பாடுபட்டு வந்த மீன் கையெட்டுற தூரத்துல நிக்குது அக்கா. என்னால அந்த இடத்தை விட்டு நகர முடியல.

குடியாத்தம்_செல்வி:
படிக்கிறப்பவே கண்ணு கலங்குது தம்பி. அக்டோபர்லயே பள்ளம் பறிக்குமா?

காட்பாடி_ரவி:
செப்டம்பர், அக்டோபர்ல கூட்டம் கூட்டமா ஏறும். முட்டை போடுறதைப் பார்க்கணும்னா நவம்பர்லேர்ந்து போறது நல்லது. அக்டோபர்ல இன்னொண்ணு பார்க்கலாம்: பக்கத்துலயே ஆத்து ஓட்டத்துல சுத்துற சக்கரம், மீனை அப்படியே வாரி எடுக்கும். குஞ்சு பொரிக்க வைக்கிறதுக்காகப் பிடிக்கிறாங்க. 1896லேர்ந்து இருக்கிற முறை.

குடியாத்தம்_செல்வி:
சக்கரத்தை வீட்டுக்காரர் வீடியோவுல பார்த்துக்கட்டும். டிக்கெட்டை நவம்பருக்கு மாத்தச் சொல்லிப் பையனுக்கு இப்பவே போன் போடுறேன்.