உதவி: 2 வருட ஆர்ஓசி கோடு நடுவில் கீழே இறங்குகிறது

அம்பாசமுத்திரம்:
வணக்கம். முதல் வருகையில் எடுத்த சிறுநீர் அல்புமின் அளவை வைத்து, 2 வருடத்துக்குள் டயாலிசிஸ் வரைக்கும் போவாரா என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இதுதான் என் ஆய்வு. மொத்தம் 243 பேர். அதில் 61 பேர் 2 வருடம் முடியும் முன்பே வருவதை நிறுத்திவிட்டார்கள். முதலில் அவர்களுக்கு 'டயாலிசிஸ் இல்லை' என்று 0 போட்டிருந்தேன். அது தப்பு என்று வழிகாட்டி சொன்னதும், ஆர் மென்பொருளில் சர்வைவல்ஆர்ஓசி தொகுப்பை எடுத்து கேஎம் முறையில் (காப்லன்-மையர்: இடையில் நின்றவர்களையும், வந்த நாள் வரை கணக்கில் எடுப்பது) ஓட்டினேன். ஆர்ஓசி கோடு, அதாவது அல்புமின் அளவை வைத்துச் சரியாகப் பிடித்தவர்களையும் தவறாகப் பிடித்தவர்களையும் ஒப்பிடும் வரைபடம், ஏறிக்கொண்டே போகவேண்டியது, ஓரிடத்தில் கீழே இறங்குகிறது. தரவை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். என்ன தவறு?

பாளையங்கோட்டை:
தங்கச்சி, தரவில் தவறு இல்லை. அந்த முறையின் குணம் அது. ஒவ்வொரு வெட்டுப்புள்ளிக்கும் (இதற்கு மேல் போனால் ஆபத்து என்று பிரிக்கும் அல்புமின் அளவு), அதற்கு மேலே உள்ளவர்களை மட்டும் எடுத்துப் புதிதாக ஒரு காப்லன்-மையர் கணக்கு போடுகிறது. புள்ளி நகர்ந்தால் ஆட்கள் மாறுவார்கள். முந்தைய கணக்கோடு இது ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஹேகர்ட்டி, லம்லி, பெப்பே மூவரும் 2000-இல் இதை எழுதியபோதே இந்தக் குறையையும் சொல்லி, என்என்இ என்ற மாற்று வழியையும் கொடுத்திருக்கிறார்கள். அல்புமின் அளவு நெருக்கமாக உள்ளவர்களைச் சேர்த்துப் பார்ப்பது அது. மெத்தட் இடத்தில் என்என்இ போடுங்கள். ஸ்பேனும் கேட்கும், எவ்வளவு நெருக்கமானவர்களைச் சேர்ப்பது என்ற அளவு அது. தொகுப்பின் உதாரணத்தில் 0.25-ஐ, ஆட்கள் எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுப்பார்கள். 243-க்கு ஐந்தாம் மூலம் சரியாக 3, ஆகவே 0.083.

அம்பாசமுத்திரம்:
கோடு சரியாகிவிட்டது அண்ணாச்சி! ரொம்ப நன்றி.

தென்காசி:
கோடு சரியானதோடு விட்டுவிடாதீர்கள் அம்மா. அந்த 61 பேர் ஏன் வரவில்லை? மகன் வீட்டோடு இருக்கத் திருப்பூர் போனவர் ஒரு ரகம். வந்த கடைசித் தேதி வரை டயாலிசிஸ் இல்லை என்று நமக்குத் தெரியும், அந்த அளவுக்கு அவர் கணக்கில் இருப்பார். உடம்பு மோசமாகி மதுரைக்குப் போய் டயாலிசிஸ் தொடங்கியவர் வேறு ரகம். அல்புமின் கூடியவர்கள் அதிகமாக நின்றுபோனால் என்என்இ அதைத் தாங்கும். ஒரே அல்புமின் அளவு உள்ளவர்களுக்குள்ளேயே, மோசமானவர்களாகப் பார்த்துப் போயிருந்தால் தாங்காது. இறந்தவர்கள் இருக்கிறார்களா?

அம்பாசமுத்திரம்:
டயாலிசிஸுக்கு முன்பே இறந்தவர்கள் 9 பேர். அவர்களையும் வராதவர்களோடு சேர்த்திருந்தேன்.

தென்காசி:
பிரித்துவிடுங்கள். அவர்களுக்கு இனி டயாலிசிஸ் வர வழியில்லை, இது போட்டி நிகழ்வு. டைம்ஆர்ஓசி தொகுப்பு இதைப் பார்த்துக்கொள்ளும். வராதவர் 0, டயாலிசிஸ் 1, இறப்பு 2. ஏயூசி (ஆர்ஓசி கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு) இரண்டு விதமாக வரும். ஒன்றில், 2 வருடமும் எதுவும் நேராதவர்கள் மட்டும் ஒப்பீட்டுக் குழு. மற்றதில் இறந்தவர்களும் அந்தக் குழுவில் சேர்வார்கள். எதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம்:
மீதி 52 பேருக்கும் வழிகாட்டியின் அனுமதியோடு போன் செய்தோம். 37 பேர் கிடைத்தார்கள், 8 பேர் வேறு ஊரில் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள். அந்த 8 பேரை மட்டும் 1 என்று மாற்றினால் போதுமா?

பாளையங்கோட்டை:
போதாது தங்கச்சி, அப்படிச் செய்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நன்றாக இருக்கிற 29 பேருக்கும் கடைசித் தேதியைப் போன் செய்த நாளுக்கு நகர்த்துங்கள். 8 பேருக்கு டயாலிசிஸ் தொடங்கிய தேதி போடவேண்டும், போன் செய்த தேதி அல்ல. மாதம் மட்டும் நினைவிருந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி 15-ஆம் தேதி என்று வைத்து, அதை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். கிடைக்காத 15 பேர் பழைய தேதியிலேயே இருக்கட்டும்.