கோல்ஃபில் டிரைவர் ஸ்லைஸ்: வலைக்குள் அடித்தே சரிசெய்ய முடியுமா?

உச்சிப்புளி_தோப்பு:

கோல்ஃபில் வலக்கை ஆட்டம். டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) பந்து குறிக்குச் சற்று இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து காணாமல் போகிறது, ஸ்லைஸ் என்பார்களே அதுதான். நடுத்தரத் தூரத்துக்கான 7 அயர்னில் வளைவு குறைவு. குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் கிட்டத்தட்ட நேர். கொடைக்கானல் போகும்போதுதான் மைதானத்தில் அடிக்க முடிகிறது. மற்ற நாளெல்லாம் தென்னந்தோப்பில் பழைய மீன்வலையைக் கட்டி 3 மீட்டர் தள்ளி நின்று அடிப்பதுதான். வலைக்குள் வளைவு எங்கே தெரியும்? ஸ்டான்ஸை (கால் வைத்து நிற்கும் நிலை) இடப்பக்கம் திருப்பி நின்றால் வளைவு கூடத்தான் செய்கிறது. கிரிப் (கிளப்பைப் பிடிக்கும் விதம்), ஸ்விங் (வீச்சு) இரண்டில் எதை முதலில் தொடுவது?

தொண்டி_கரை:

முதலில் ஸ்டான்ஸைப் பழையபடி நேராக்குங்கள். இடப்பக்கம் திரும்பி நின்றால் கிளப் வரும் பாதையும் இன்னும் இடப்பக்கம் சாயும், வளைவு கூடுவது அதனால்தான்.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் கிளப் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், பார்த்த திசை. டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம், அயர்னில் 75. பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பது, முகத்துக்கும் கிளப் போன பாதைக்கும் உள்ள கோண வித்தியாசம். உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்புவதால் முகம் குறிக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கிறது. பாதை அதைவிட அதிகமாக இடப்பக்கம் போகிறது. அதாவது குறியை வைத்துப் பார்த்தால் முகம் மூடியிருக்கிறது, பாதையை வைத்துப் பார்த்தால் திறந்திருக்கிறது. இதே ஸ்லைஸ் நேராகக் கிளம்பி வளைந்தாலோ, வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் போனாலோ நோய் வேறு, மருந்தும் வேறு.

வெட்ஜ் நேராகப் போவதை வைத்து ஸ்விங் சரி என்று எண்ண வேண்டாம். லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) அதிகமுள்ள கிளப்பில் பின்சுழற்சி அதிகம். அதே கோணத் தப்பு அங்கே சுழல் அச்சைக் கொஞ்சம்தான் சாய்க்கும், 10 டிகிரி லாஃப்ட் டிரைவரில் நிறையச் சாய்க்கும். கொடைக்கானலையும் கணக்கில் வையுங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நம்ம கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பந்து வளைவதும் குறைவு. அங்கே பார்த்த வளைவு இங்கே இன்னும் பெரிதாக இருக்கும்.

கீழக்கரை_கிரிப்:

என் வாக்கு கிரிப்புக்குத்தான். பந்து வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தால் கை தானாக இடப்பக்கம் இழுத்து வெட்டப் பழகிவிடும். பாதை கெடுவதே பல பேருக்கு இப்படித்தான். முகம் மூட ஆரம்பித்துப் பந்து இடப்பக்கம் வளைந்துவிட்டால் அந்த இழுப்புக்கு வேலை இல்லை.

கிளப் முகத்தைக் குறிக்கு நேராக வைத்துவிட்டுப் பிறகு கையை வையுங்கள். கையை வைத்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால் முகமும் கூடவே திரும்பும், ஒன்றும் மாறாது. பலர் ஏமாறுவது இங்கேதான். இடக்கையில் கிளப் உள்ளங்கைக்குக் குறுக்கே படுக்கக் கூடாது. சுண்டுவிரல் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை, விரல்களில் உட்கார வேண்டும். குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு, இரண்டரை விரல் முட்டி தெரியணும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் ஸ்லைஸ் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. வலக்கையின் ஆயுள்ரேகை இடக்கைக் கட்டைவிரலை மூடட்டும். இரு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு வலத்தோளைக் காட்ட வேண்டும்.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்து கிரிப் வழுக்கும். வழுக்கினால் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் முன்கை சுழலாது, முகம் திறந்தே வந்து சேரும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கைப்பிடியின் ரப்பர் கிரிப்பைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வியர்வை உப்பு போனதும் பிடிப்பு திரும்பும். தேய்ந்து பளபளத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கிளவுஸ் இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் தூக்கும் வீச்சு) உச்சியில் இடது மணிக்கட்டையும் பாருங்கள். புறங்கைப் பக்கம் குழிந்திருந்தால் முகம் திறந்திருக்கும். புறங்கையும் முன்கையும் ஒரே மட்டமாக இருக்கணும்.

மண்டபம்_மணல்:

வலையையே அளவுகோலாக்கலாம். குறிக்கு நேராக வலையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்பு நூல் தொங்கவிடுங்கள். 3 மீட்டரில் 1 டிகிரி என்பது சுமார் 5 சென்டிமீட்டர். பந்து நூலுக்கு எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் படுகிறது என்று பார்த்தால் கிளம்பும் திசை கிடைத்துவிடும், முகத்தின் கோணமும் ஏறக்குறைய அதுதான்.

பாதைக்குக் கரைக்கு வாங்க. அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் குறியை நோக்கி ஒரு கோடு கிழித்து, பந்து இல்லாமல் 7 அயர்னால் அந்தக் கோட்டின் மேல் வீசுங்கள். மணலில் விழும் பள்ளம் கோட்டோடு போகிறதா, இடப்பக்கம் வெட்டுகிறதா என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். முழு வேகம் வேண்டாம், முக்கால் போதும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கிளப்பைக் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தின் கோடுகளில் துரு ஏறும்.

தயவுசெய்து யாரும் கடலை நோக்கிப் பந்து அடிக்க வேண்டாம். ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் கோல்ஃப் பந்து, மட்காது. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளமும் கடற்புல்லும் உள்ள இடம் அது.

வலையையும் கொஞ்சம் கவனியுங்கள். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். வலைக்கண்ணின் ஒரு பக்கம் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தங்கூசி வலை தாங்காது, முறுக்கு நூல் வலைதான் சரி. வெயிலில் கிடந்து நைந்திருந்தால் விரலால் இழுத்தாலே அறும். விறைப்பாகக் கட்டினால் பந்து உங்கள் மேலேயே திரும்பும், தொய்வாக விடுங்கள்.

உச்சிப்புளி_தோப்பு:

நன்றி அண்ணே. 7 அயர்னில் பார்த்தேன். பந்து நூலுக்கு இடப்பக்கம் 15 செ.மீ. மணலில் பள்ளம் 30 செ.மீ. நீளத்துக்கு 4 செ.மீ. இடப்பக்கம் விலகுகிறது. இடக்கையில் ஒரு முட்டிதான் தெரிகிறது.

தொண்டி_கரை:

அப்படியானால் முகம் சுமார் 3 டிகிரி இடப்பக்கம், பாதை 7, 8 டிகிரி இடப்பக்கம். இடையில் உள்ள நாலு, ஐந்து டிகிரிதான் உங்கள் ஸ்லைஸ். பாதை பெரிய கோளாறு என்றாலும் கிரிப்பை மாற்றாமல் பாதையை மட்டும் திருத்தினால், பாதைக்குத் திறந்தே இருக்கும் அதே முகம் பந்தை நேராக வலப்பக்கம் தள்ளும்.

புதுக் கிரிப்போடு 7 அயர்னில் அரை ஸ்விங். இடக்கை தரைக்கு இணையாகும் வரை பின்னால், வலக்கை இணையாகும் வரை முன்னால். பந்து நூலுக்கு இன்னும் இடப்பக்கம் போய் விழும், பயப்பட வேண்டாம், முகம் மூடுகிறது என்று அர்த்தம். அப்புறம் பாதை. மீன்பெட்டித் தெர்மாகோல் துண்டு ஒன்றை, பந்துக்கு ஒரு அடி பின்னால், குறிக்கோட்டுக்கு வெளியே மூன்று விரல் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் கிளப் அதில் இடிக்கும். வலக்காலை ஒரு அடி பின்னுக்கு இழுத்து வைத்து அடித்தால் உள்ளிருந்து வரும் உணர்வு சீக்கிரம் பிடிபடும். டவுன்ஸ்விங் (கிளப்பைக் கீழே கொண்டுவரும் வீச்சு) தொடங்கும்போது தோள் சுழல முந்தக் கூடாது. முதுகு ஒரு கணம் குறியைப் பார்த்தபடியே இருக்க, கை கீழே இறங்கட்டும்.

டிரைவரைக் கடைசியில் எடுங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேர் உள்பக்கம், பாதிப் பந்து கிளப் தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் டீ (பந்தை ஏற்றி வைக்கும் குச்சி). பந்து முன்னால் இருப்பதால் வலத்தோள் அதை எட்டப் பார்த்து முன்னால் வரும், ஸ்லைஸ் அங்கேயே தயாராகிவிடும். தோளை இறக்கி, முதுகைச் சற்று வலப்பக்கம் சாய்த்து நில்லுங்கள். கிளப் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அடித்தால் பட்ட இடம் தெரியும். ஹீல் பக்கம் (கிளப் தண்டுக்கு அருகே) பட்டால் பாதை சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் சுழலும். அப்போது ஸ்விங்கைத் தொடாமல் பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்.

கீழக்கரை_கிரிப்:

திறந்த வெளியில் சோதிக்கும்போது திசையைப் பாருங்க தம்பி. ஆடிக் காற்றில் வடக்கு பார்த்து அடித்தால் மேல்காற்று இடமிருந்து தள்ளி ஸ்லைஸைப் பெரிதாக்கும். தெற்கு பார்த்து அடித்தால் அதே காற்று ஸ்லைஸை மறைத்துவிடும். காற்று எழும்பும் முன், விடியற்காலையில் அடித்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது.