மாடல் ரயில் ஓட்றவங்கள்ல, பிரிட்ஜுக்கு அடியில வண்டி மாட்டின கதை யாருக்கு இருக்கு?

மொட்டைமாடி:
ஹெச்ஓ ஸ்கேல் (நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு), 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட், அதே பழைய கதைதான். பிரிட்ஜ் அடிப்பாகம் ப்ளைவுட்லேர்ந்து 74 மி.மீ. இருக்கான்னு ஸ்கேல் வெச்சு ரெண்டு தடவ பாத்தேன், இருந்துச்சு. அப்புறம் ட்ராக்குக்கு அடியில வர்ற கார்க் ஷீட்ட ஒட்டினேன், ட்ராக் போட்டேன், அதுல 10 மி.மீ. காலின்னு மண்டைல ஏறவே இல்ல. எஞ்சின், கோச்சு எல்லாம் ஜம்முனு போயிட்டு வந்துச்சு, ஆறு மாசம். ஒருநாள் அக்கா பையன் அந்த அமெரிக்க டபுள் ஸ்டாக் வேகன (கன்டெய்னர் மேல கன்டெய்னர் அடுக்கறது) எடுத்து மாட்டியிருக்கான், அது தண்டவாளத்துலேர்ந்தே 71 மி.மீ. ஒசரம். நான் காபி ஆத்திட்டு இருக்கேன், டக்குனு ஒரு சத்தம். வந்து பாத்தா மேல் கன்டெய்னர் மட்டும் பிரிட்ஜோட கர்டர்ல (உத்தரத்துல) சாஞ்சு நிக்குது, கீழ் கன்டெய்னரோட வண்டி அது பாட்டுக்கு அந்தப்பக்கம் போய்ட்டு இருக்கு. பையன் “மாமா, அன்லோடிங்!”ங்கறான்.

ஒத்தத்தண்டவாளம்:
எனக்கு மேல இடிக்கல, பக்கத்துல. எல்ஹெச்பி கோச்சு (நம்மூர் எக்ஸ்பிரஸ்ல வர்ற நீளமான பெட்டி) ஹெச்ஓல 27 செ.மீ. வரும், 18 இன்ச் ஆர வளைவுல நடுவயிறு 8 மி.மீ. உள்ள வருது, ரெண்டு மூலையும் 12 மி.மீ. வெளிய போகுது. பிரிட்ஜ் தூண வளைவுக்கு வெளிப்பக்கம் ஒட்டி நட்டிருந்தேன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கிர்ர்ர்னு ஒரு கீறல், பெயின்ட் போயி வெள்ள பிளாஸ்டிக் தெரியுது. முதலாமவருக்கு: பிரிட்ஜுக்கு அடியில 100 மி.மீ. இடம் விட்டுடுங்க, தொல்லையே இல்ல.

கார்க்ஷீட்:
100 விடுங்கன்னு சொல்றது ஈசி. 2 சதவீத ஏத்தத்துல 100 மி.மீ. ஏற 5 மீட்டர் வேணும், 8 அடி போர்டே ரெண்டரை மீட்டர்கூட இல்ல, மிச்சம் பக்கத்து வீட்டுலயா போடுவாரு? அதுவும் 100ங்கறது கீழ்த் தண்டவாளத்துக்கும் பிரிட்ஜ் அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்கற சந்து மட்டும்தான். கணக்கு கீழ்த் தண்டவாளத் தலைலேர்ந்து மேல் தண்டவாளத் தலை வரைக்கும் போடணும். 75 சந்து, 12 ப்ளைவுட், 5 கார்க், 5 ட்ராக், ஆக 97. பிரிட்ஜ் மேல ப்ளைவுட்ட தூக்கிட்டு 3 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் போட்டு, கார்க் இல்லாம ட்ராக்க நேரா வெச்சா 83தான். இன்னொன்னு, மேல் லைன் மட்டும் ஏறணும்னு எந்தச் சட்டமும் இல்ல, கீழ் லைன பாதி இறக்குங்க, மேல பாதி ஏத்துங்க, தூரம் பாதியாயிடும். பிரிட்ஜ் ஒட்றதுக்கு முன்னாடி இருக்கறதுலயே ஒசரமான வண்டி, நீளமான வண்டி ரெண்டையும் கையால தள்ளிப் பாருங்க. நான் பாக்காம ஒட்டி, ஹேக்சால அறுத்துதான் எடுத்தேன். அவ்ளோதான் என் கதை.

பான்டோ:
நான் வேற ரகம். மேல மின்கம்பி கட்டினேன், பிரிட்ஜுக்கு அடியில மட்டும் கட்டல, யாரு குனிஞ்சு பாக்கப்போறான்னு. கம்பி முடிஞ்ச எடத்துல பான்டோகிராஃப் (எஞ்சின் கூரைல கம்பியத் தொட்டுட்டுப் போற கை) ஸ்பிரிங் விட்டு மேல எகிறி கர்டர் விளிம்புல மாட்டிச்சு பாருங்க, வாப்-7 மின்சார எஞ்சினோட கூரையோட பிஞ்சு வந்துடுச்சு. நம்ம நாட்டு மேற்கு சரக்கு ரயில் பாதைல டபுள் ஸ்டாக்குக்காக கம்பியையே சுமார் ஏழரை மீட்டர் ஒசரத்துல கட்டிருக்காங்க, ஹெச்ஓல 86 மி.மீ. பக்கம். அதுக்கு மேலதான் பிரிட்ஜே. கார்க்ஷீட் சாரோட 75 அங்க செல்லாது.

மொட்டைமாடி:
நான் அட்வைஸ் கேக்கவே இல்லையே சார். பிரிட்ஜ் அப்படியேதான் இருக்கு, இப்ப அந்த வேகன் ஒத்த அடுக்கோட ஓடுது. மேல் கன்டெய்னர்ல பையன் பென்சில் போட்டு வெச்சிருக்கான்.