வரவழைத்த துணைக்கு என்ன சக்தி கொடுத்தீர்கள்? உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து, தொடங்கியவர்:

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம். எங்கள் மேசையில் ட்ரூயிடாக, அதாவது காட்டு மந்திரவாதியாக, ஆடுவது என் சித்தி மகள், பதினோராம் வகுப்பு. ஐந்தாம் லெவல் வந்த அன்றே அவளுக்கு மூன்றாம் நிலை மந்திரம் கிடைத்தது. அன்றே எட்டு ஓநாய்களை வரவழைத்தாள். 2014 பதிப்பின் விதி அது. ஆட்டம் நடத்துவது நான். எட்டு கேட்டாள், எட்டு கொடுத்தேன்.

ஐப்பசி மழை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சார்ட் பேப்பரில் ஒரு தொங்கு பாலம் வரைந்திருந்தேன். எட்டு ஓநாய்க்கும் எட்டு கருப்புக் கேரம் காய்கள். பாலத்தின் அந்தப் பக்கம் கவசம் போட்ட தளபதி, ஏசி 15, அதாவது அவன் மேல் அடி விழ மொத்தம் 15 வரவேண்டும். ஓநாய்க்குத் தாக்க +4, எனவே டி20-இல், அதாவது இருபது பக்கப் பகடையில், 11 விழுந்தால் போதும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் கூட்டாளி அந்த எதிரிக்குப் பக்கத்தில் நின்றால் ஓநாய்க்கு அட்வாண்டேஜ் உண்டு. இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பு 75 சதவீதம் ஆகிவிடும். எட்டில் ஆறு கடி விழும், கடிக்குச் சராசரி சேதம் 7, ஆக ரவுண்டுக்கு 42. அதே மூன்றாம் நிலையில் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தின் சராசரி 28. அது பலர் மேல் விழும், ஆனால் ஒரே தடவை. ஓநாய்கள் அடுத்த ரவுண்டும் அங்கேயே நிற்கும்.

சேதக் கணக்கைக்கூட நான் சமாளித்திருப்பேன். பதினாறு உருட்டல், அப்புறம் ஆறு சேதம், அப்புறம் தளபதி கீழே விழாமல் இருக்க ஆறு சேவ், அதாவது தப்பிக்கும் உருட்டல். ஒவ்வொன்றையும் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். ஒரு பகடை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவளுடைய ஒரு டர்ன் முடியக் கால் மணி நேரம் ஆனது. எங்கள் திருடன் பாத்திரத்தை ஆடும் அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்துவிட்டு, மழையில் நனைந்து, அரை மணி நேரம் நடந்து வருபவர். அன்று இரவு முழுக்க அவர் விட்டது இரண்டே அம்பு. குறை ஒன்றும் சொல்லவில்லை. வர்க்கியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து துணைக்கு எந்தச் சக்தி எழுதினாலும், அது யாருடைய நேரத்தைத் தின்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். சேதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓநாய்களை எடுத்துவிட்டு, முதுமலைப் பக்கம் நாம் பார்க்கும் செந்நாயை வைத்தேன். செந்நாய்கள் காட்டில் பிரிந்துபோனால் சீழ்க்கை அடித்து மறுபடி ஒன்று கூடும். அதைத்தான் சக்தியாக எழுதினேன். கூட்டம் முழுவதும் ஒரே உயிர். ஒரே ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு), ஒரே தாக்குதல், ட்ரூயிடின் டர்ன் முடிந்த உடனே அதன் டர்ன். ட்ரூயிட் ஒரு எதிரியைச் சுட்டுவாள், கூட்டம் சீழ்க்கை அடிக்கும். அவளுடைய அடுத்த டர்ன் வருவதற்குள் அந்த எதிரி நகர்ந்தால், அவன் யார் பக்கத்தில் போகிறானோ அவர் தன் ரியாக்ஷனை (தன் டர்ன் இல்லாதபோது செய்யும் எதிர்வினை) செலவழித்து அட்வாண்டேஜோடு ஒரு அடி அடிக்கலாம். சீழ்க்கை எட்டும் தூரம் 60 அடி. கூட்டத்தின் ஹிட் பாயிண்ட் பாதிக்குக் கீழே போனால் 30 அடி. செந்நாய் குறையக் குறையக் காடு பெரிதாகிவிடும் என்று அவளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவள் டர்ன் இரண்டு நிமிடம். கூட்டம் சீழ்க்கை அடித்தால் அண்ணன் நிமிர்ந்து உட்கார்கிறார், அடுத்த அடி அவருடையதாக இருக்கலாம்.

மலைப்பக்கம் ஆடும் மற்றவர்கள் என்ன செய்தீர்கள்? சரியாக வராததையும் எழுதுங்கள்.

குன்னூரிலிருந்து:

அக்கா, உங்கள் செந்நாய் நன்றாக இருக்கிறது. ஆனால் எட்டு ஓநாயில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை முழுக்கத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. அந்த வயதில் எட்டு காய்களைப் பலகையில் பரப்பி வைப்பதே பெரிய விஷயம்.

எங்கள் மேசையில் நாங்கள் ஓநாய்களைப் பங்கு போட்டோம். ஆளுக்கு இரண்டு. வரவழைத்தவர் யாரைத் தாக்குவது என்று மட்டும் சொல்வார், உருட்டுவது அவரவர். அட்வாண்டேஜுக்கு இரண்டு பகடையையும் சேர்த்தே போடுவோம். சேதம் உருட்டுவதில்லை, கடிக்கு 7 என்று நேராக வைத்துக்கொண்டோம். அப்படியும் ஒரு ரவுண்டு நீளும், ஆனால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தன் ஓநாய் செத்தால் அது யார் கையில் இருந்ததோ அவர்தான் வருத்தப்பட்டார்.

கோத்தகிரி:

இது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. ஆள் அதிகம் வரும் வாரத்தில் இப்படிச் செய்து பார்க்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து:

நான் காட்டுமாடு எழுதினேன். காரணம், ஒரு விடியற்காலை.

ஏரிக்கு மேலே போகும் ரோட்டில் பால் வாங்கப் போனேன். வளைவு திரும்பினால் நடுரோட்டில் ஒரு ஆண் காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல நான்கு கால்கள், அதற்கு மேலே சுவர் மாதிரி உடம்பு. அது என்னை நோக்கி வரவில்லை. மெதுவாகத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றது. தலையைத் தாழ்த்தி, முதுகுத் திமில் முழுவதும் தெரியும்படி, அப்படியே. மூச்சு மட்டும் புகையாக வந்தது. நான் எவ்வளவு பெரியவன் பார்த்துக்கொள் என்கிற நிலை அது. நானும் பார்த்துக்கொண்டேன். பால் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து, சுவர் ஓரம் வந்து நின்றேன். அதுவும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பாலடினுக்கு (புனிதப் போர்வீரன்) துணை விலங்கு கேட்டார்கள். எல்லோரும் முட்டும் சக்தி எழுது, 2டி8, அதாவது இரண்டு எட்டுப் பக்கப் பகடை, சேதம் வை என்றார்கள். நான் முட்டலை வைக்கவே இல்லை. 'பக்கம் காட்டுதல்' என்று ஒரே ஒரு சக்தி. பாலடின் தன் போனஸ் ஆக்ஷனை (டர்னில் கிடைக்கும் சிறு கூடுதல் செயல்) கொடுத்தால் காட்டுமாடு பக்கவாட்டில் நிற்கும், அடுத்த டர்ன் வரை நகராது. 30 அடிக்குள் இருக்கும் எதிரி ஒவ்வொருவனும் தன் டர்னில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: பின்வாங்கலாம், இல்லையென்றால் காட்டுமாட்டைத்தான் தாக்கவேண்டும். தாண்டிப் போய் வேறு யாரையும் தொடமுடியாது. விஸ்டம் (மனத்தெளிவு) சேவில் ஜெயித்தால் இதிலிருந்து விலக்கு.

இதில் எனக்குப் பிடித்தது, காட்டுமாட்டுக்கு உண்மையிலேயே அடி விழும். குணமாக்கும் மந்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்று மேசையில் வாக்குவாதம் வந்தது. அந்த வாக்குவாதத்துக்காகத்தான் நான் வாரம் தவறாமல் ஆட்டம் நடத்துகிறேன்.

உதகையிலிருந்து:

தோற்றுப்போன கதை ஒன்று. மலை அணில். வரவழைத்தவருக்கு ஒவ்வொரு ரவுண்டும் ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்கும், பழத்துக்கு 1டி4 ஹிட் பாயிண்ட். 1டி4 தானே என்று எழுதிவிட்டேன்.

ரவுண்டு என்பது ஆறு விநாடி. சண்டை முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நூறு பழம். இரண்டாம் வாரத்திலிருந்து யாருக்கும் காயம் என்ற ஒன்றே இல்லை. குகைக்குள் போகும்போது முன்பெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், அதுவும் போய்விட்டது. எதையும் எழுதும்போது, சண்டைக்கு வெளியே இதை நாள் முழுக்கச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இப்போது அணிலிடம் நாளுக்கு மூன்று பழம்தான். மூன்றாவது பழத்தை யாரும் சீக்கிரம் கேட்பதில்லை.

இன்னொன்று, விதிநூல்காரர்களே இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறார்கள். 2020-இல் வந்த கூடுதல் விதிகளில் வரவழைக்கும் மிருகம் ஒன்றே ஒன்று. மந்திரத்தை எந்த நிலையில் சொல்கிறோமோ அதற்கேற்ப அதன் கவசமும் தாக்குதல் எண்ணிக்கையும் ஏறும். கட்டளை கொடுக்காவிட்டால் அடிபடாமல் விலகி நிற்கும், அவ்வளவுதான். 2024 பதிப்பில் எட்டு ஓநாயும் போய் ஆவிக் கூட்டம் ஒன்றாகவே ஆகிவிட்டது. பக்கத்தில் மாட்டுபவன் சேவ் எடுக்கவேண்டும். புதிதாக எழுதுபவர்கள் இந்த வார்ப்பை எடுத்துக்கொண்டு மேலே ஒரே ஒரு சக்தியை வைத்தால் பெரிய தவறு நடக்காது.

கூடலூரிலிருந்து:

துணை செத்துப்போனால் என்ன செய்கிறீர்கள் என்று யாரும் எழுதவில்லையே அண்ணா.

என் அண்ணன் மகன் வளர்த்த ஆந்தை எங்கள் ஆட்டத்தில் செத்தது. 2014 பதிப்பின் விதிப்படி அது சாவே இல்லை. ஹிட் பாயிண்ட் தீர்ந்தால் மறையும். 10 தங்கத்துக்குக் கரியும் சாம்பிராணியும் மூலிகையும் வாங்கி ஒரு மணி நேரம் மந்திரம் சொன்னால் திரும்ப வரும். நான் அதை அப்படியே சொன்னேன். பையன் அடுத்த வாரம் வரவில்லை. 10 தங்கம் கொடுத்தால் வருவது என் ஆந்தை இல்லை என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அவன் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது. அப்புறம் ஒரு விதி எழுதினேன். மறைந்த துணை திரும்பி வரும்போது அது போன இடத்திலிருந்து ஏதாவது ஒன்றோடு வரும். முதல் தடவை இறகில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டாவது தடவை யாரும் சொல்லித்தராத ஒரு சொல். மூன்றாவது தடவைக்கு ஆடுபவரே எழுதவேண்டும். சண்டைக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பையன் வந்துவிட்டான். வெள்ளைப் புள்ளியை அவனே பாத்திரத் தாளில் வரைந்து வைத்திருக்கிறான்.

எங்கள் காட்டில் துடுப்புவால் கரிச்சான் உண்டு. வாலில் இரண்டு நீளக் கம்பி, நுனியில் துடுப்பு. மற்ற பறவைகளின் குரலையெல்லாம் அப்படியே எடுத்துச் சொல்லும். அதை வைத்து யாராவது எழுதுங்களேன், எனக்கு வரவில்லை.

கோத்தகிரி:

கூடலூர் அண்ணா, உங்கள் கரிச்சானை நான் எழுதிவிட்டேன். சனிக்கிழமை ஆடியும் பார்த்துவிட்டோம்.

சக்தியின் பெயர் 'கள்ளக்குரல்'. ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் ஒரு முறை, கரிச்சான் தான் கேட்ட ஒரு சத்தத்தை அப்படியே எழுப்பும். 60 அடிக்குள் கேட்பவர்கள் விஸ்டம் சேவ் எடுக்கவேண்டும். தவறினால் அந்தப் பக்கம் திரும்புவார்கள், அந்த ரவுண்டு அவர்களுக்கு ரியாக்ஷன் கிடையாது. நிபந்தனை ஒன்றுதான்: ஆட்டத்தில் உண்மையாகவே வந்த சத்தமாக இருக்கவேண்டும், அது வந்தபோதே ஆடுபவர் எழுதி வைத்திருக்கவேண்டும்.

தங்கச்சி நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துவந்தாள். நான் கதை சொல்லச் சொல்ல எழுதினாள். அவள் எழுதியது அப்படியே: "1. துருப்பிடித்த கீல். 2. பாலத்துக் காவலன் இருமல், மூன்று முறை, கடைசியில் நீளமாக. 3. சமையற்காரி யாரையோ தம்பி என்று கூப்பிட்டது. 4. பனிக்குள் மணி, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை."

அந்த மணி எந்தப் பக்கம் என்று நானே முடிவு செய்யவில்லை. அவள் எழுதிவிட்டாளே என்று உட்கார்ந்து முடிவு செய்தேன். கோயில் ஒன்று வந்தது, அதில் ஒரு பூசாரி வந்தார்.

கடைசியில் கோட்டைக்குள் நுழைய வேண்டிய நேரம். வாசலில் மூன்று பேர். திருடன் அண்ணன் சுவரில் பாதி ஏறி நிற்கிறார். மேலே இருப்பவன் திரும்பினால் கதை முடிந்தது. தங்கச்சி நோட்டைப் புரட்டினாள். "கரிச்சான் இருமும்," என்றாள். "இரண்டாவது சத்தம்."

அந்தக் காவலனைப் போன வாரமே அண்ணன்தான் பாலத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தார். செத்தவனுடைய இருமல் கோட்டைக்கு வெளியே இருட்டிலிருந்து கேட்கிறது, மூன்று முறை, கடைசியில் நீளமாக. மூன்று பேருக்கும் சேவ் உருட்டினேன். இரண்டு பேர் தவறினார்கள். தவறாத மூன்றாமவன் என்ன செய்வான் என்று யோசித்தேன், அவன் அந்தக் காவலனுடைய தம்பி என்று அப்போதுதான் தோன்றியது. விளக்கை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் தானே ஓடினான். அண்ணன் சுவரைத் தாண்டிவிட்டார். உள்ளே குதித்ததும் அவர் முதலில் சொன்னது, "அந்தத் தம்பியைக் கொல்லவேண்டாம்."

விதியில் ஒரு திருத்தம் செய்கிறேன். 60 அடி அதிகம், உள் அறைகளில் எல்லோருக்கும் கேட்டுவிடுகிறது. சுவர் நடுவில் இருந்தால் 30.

கிளம்பும் நேரத்தில் வெளியே சோலைப் பக்கம் ஒரு கேளையாடு குரைத்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்தினோம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி குரைத்தது, இன்னும் கீழேயிருந்து. தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், பையிலிருந்து நோட்டை எடுத்து ஐந்தாவதாக எழுதினாள். ஆட்டத்தில் வந்த சத்தம் இல்லையே என்று அண்ணன் கேட்டார். அடுத்த வாரம் வரும் என்று நான் சொன்னேன்.