டிராகுலா படித்த ரயில் நேர அட்டவணை: அந்நியரைப் பற்றிய அச்சக் கதையில் காலத்தின் கவலையைத் தேடலாமா?

நிலாமுற்றம் (கேள்வி)

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில், அடுத்த மாதம் பிராம் ஸ்டோக்கரின் ரத்தக்காட்டேரி நாவலான 'டிராகுலா'வைப் பற்றிப் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதை மறுபடி படித்தேன். கல்லூரி நாள்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பற்களும் ரத்தமும் இம்முறை மனத்தில் தங்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஓர் அமைதியான காட்சிதான் என்னை விடாமல் தொடர்கிறது. வீட்டுப் பத்திரங்களோடு இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் இளம் வழக்கறிஞன் ஜோனதன் ஹார்க்கர் அறைக்குள் நுழையும்போது, டிரான்சில்வேனியக் கோட்டையின் பிரபுவான டிராகுலா சோபாவில் சாய்ந்துகொண்டு இங்கிலாந்தின் ரயில் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய நூலகத்தில் அந்நாட்டின் சட்டம், வரலாறு, நிலவியல் தொடங்கி, தரைப்படை, கடற்படை அதிகாரிகளின் பட்டியல் வரை இருக்கின்றன. லண்டனில் தான் வாய் திறந்தால் அந்நியன் என்று எல்லோரும் கண்டுகொள்வார்கள், அது தனக்குப் போதாது, ஆகவே பேச்சில் மிகச் சிறிய பிழை நேர்ந்தாலும் சொல்லித் திருத்த வேண்டும் என்று அவன் ஹார்க்கரிடம் கேட்டுக்கொள்கிறான்.

நாவல் வெளிவந்த ஆண்டு 1897. அன்றைய லண்டனில் குடியேறிகளைப் பற்றி நிலவிய அச்சமே டிராகுலாவாக உருவெடுத்தது என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டிவிடும் என்ற பயம் எந்த ஊரில், எந்தக் காலத்தில் இல்லை? ஒரு குறிப்பிட்ட காலத்தின் கவலை இந்தக் கதையில் உண்மையாகவே பதிந்திருக்கிறதா, அல்லது நாம்தான் இன்றைய சிந்தனையை அதன் மேல் ஏற்றுகிறோமா? பிரதியிலிருந்தே சான்று காட்ட முடிந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

பழந்தாள்

சான்று பிரதியிலேயே இருக்கிறது, அதுவும் முகவரியோடு இருக்கிறது. டிராகுலா தான் உறங்குவதற்காகச் சொந்த ஊர் மண்ணை நிரப்பிக் கொண்டுவரும் 50 பெட்டிகளும் கருங்கடலோர வர்னா துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்தின் விட்பியில் இறங்கி, ரயிலில் லண்டனுக்குப் போகின்றன. பின்னர் அவற்றில் ஆறு பெட்டிகள் சிக்சாண்ட் தெருவிலுள்ள ஒரு வீட்டுக்கு மாற்றப்படுகின்றன. அது கற்பனைத் தெருவன்று. 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து அங்கே யூதர்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின. உயிருக்கு அஞ்சியும் பிழைப்பைத் தேடியும் மேற்கே வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் தங்கிய கிழக்கு லண்டனின் நடுவில்தான் அந்தத் தெரு இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கோல்ஸ்டன் தெரு. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அதிகாலையில், 'ஜாக் த ரிப்பர்' செய்ததாகச் சொல்லப்படும் வைட்சாப்பல் கொலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தத் தெருவின் ஒரு வாசலில் யூதர்களைக் குறித்துச் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட வாசகம் காணப்பட்டது. பொழுது விடிந்து மக்கள் அதைப் படித்தால் கலவரம் மூளும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சார்லஸ் வாரன், புகைப்படம் எடுக்கும் வரைகூடக் காத்திராமல் அதை அழிக்கச் செய்தார். அந்த வட்டாரத்தின் பெயரைக் கேட்டாலே லண்டன் வாசகருக்கு என்ன நினைவுக்கு வரும் என்று ஸ்டோக்கருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கத்தி கிழித்த டிராகுலாவின் மேலங்கியிலிருந்து ரத்தத்துக்குப் பதிலாகப் பணத்தாள்களும் பொற்காசுகளும் கொட்டுவதையும், பிற்பகுதியில் வரும் யூத வணிகரின் மூக்கை நாவல் ஏளனமாக வருணிப்பதையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆயினும் 'டிராகுலா என்றால் குடியேறி' என்று நேர்கோடு போட்டுவிட முடியாது. 1905இல் பிரிட்டன் கொண்டுவந்த அந்நியர் சட்டத்தையே பாருங்கள். கப்பலின் அடித்தட்டில் வந்த ஏழைப் பயணிகளைத்தான் அது நிறுத்தி விசாரித்தது. மேல்வகுப்பு அறைகளில் வந்தவர்களை அது தொடவில்லை. டிராகுலாவோ பிரபு, வழக்கறிஞரை அமர்த்தி, முறைப்படி பத்திரம் எழுதி, முழு விலை கொடுத்து வீடு வாங்குபவன். சட்டம் எந்த ஏழைகளைக் கண்டு அஞ்சியதோ அவர்களிடம் அவனுடைய பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒரு சமூகத்தின் அச்சம் கதையாகும்போது, வலியற்றவர்கள் வல்லவர்களாக உருமாறி நிற்கிறார்கள் என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

நீங்கள் சொன்ன சோபாக் காட்சிக்கும் இன்னொரு பக்கம் உண்டு. ஸ்டீபன் அராட்டா 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று, பிரிட்டன் பிற நாடுகளுக்குச் செய்ததைத் தனக்கே யாரேனும் திருப்பிச் செய்துவிடுவார்களோ என்ற பயமாக இந்த நாவலைப் படிக்கிறது. ஒரு நாட்டைக் கைக்கொள்ளும் முன் அதன் நிலத்தையும் சட்டத்தையும் வழக்கத்தையும் ஏட்டில் கற்றுத் தேர்வது யாருடைய பழக்கம்? மதுரைச் சீமையைப் பற்றி 1868இல் ஆங்கிலேய அதிகாரி நெல்சன் எழுதிய கையேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, டிராகுலாவின் புத்தக அலமாரி புதிதாகத் தோன்றாது.

ஊர்க்கதை

பழந்தாள் அவர்கள் கூறியவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் இந்தப் பேயின் பழைய வரலாற்றைப் பார்த்தால், அது அந்நியனாகத் தொடங்கவே இல்லை. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியிலிருந்த செர்பிய ஊரான மெத்வேஜாவுக்குச் சென்று, 1732இல் படை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் எழுதிய அறிக்கை இன்றும் கிடைக்கிறது. ரத்தக்காட்டேரிகள் என்று சந்தேகிக்கப்பட்டு அங்கே கல்லறைகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவர்கள் ஊராரின் சொந்த அண்டை வீட்டுக்காரர்களும் உறவினர்களுமே. 1892இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், காசநோயால் இறந்த 19 வயது மெர்சி பிரவுனின் உடலைத் தோண்டி, இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலை நோயுற்றிருந்த அவளுடைய அண்ணனுக்கே கலக்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் அவனும் இறந்துபோனான். காசநோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வீட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சாகும்போது, சந்தேகம் அந்த வீட்டுக்குள்ளேயேதான் விழுந்திருக்கிறது.

மெத்வேஜா அறிக்கையில் ஒரு சிறு செய்தி உங்கள் கேள்விக்குப் பயன்படலாம். எல்லாவற்றுக்கும் முதற்காரணமாகச் சொல்லப்பட்ட அர்னோல்ட் பாவ்லே, வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இறந்தவர். உயிரோடிருந்தபோது, எல்லைக்கு அப்பால் துருக்கியர் ஆட்சியிலிருந்த பகுதியில் ஒரு ரத்தக்காட்டேரி தம்மைத் தொல்லைப்படுத்தியதாக அவரே சொல்லியிருந்தாராம். பேயாகக் கருதப்பட்டவர் ஊர்க்காரர். பேய் பிடித்த இடம் மட்டும் எதிரியின் நாடு. அந்நியனை நோக்கிய நகர்வு அங்கேயே சிறிதளவு தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் 1819இல் பாலிடோரி எழுதிய கதையிலும் ரத்தக்காட்டேரி ஓர் ஆங்கிலப் பிரபுவாகவே வருகிறான் என்பதை உங்கள் உரையில் விட்டுவிடாதீர்கள்.

கிழக்குக்கரை

நான் லண்டனில் பதினேழு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஆய்வாளர் அல்லள், வாசகி மட்டுமே. நிலாமுற்றம் குறிப்பிட்ட அந்தப் பகுதியைப் படித்த இரவில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இங்கே நான் சேர்ந்த முதல் அலுவலகத்தில், தொலைபேசியை எடுக்கும் முன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மறுமுனையில் இருப்பவர் ஒரு கணம் பேச்சை நிறுத்தினால், என் உச்சரிப்புதான் காரணம் என்று நெஞ்சு அடைக்கும். என் வார்த்தையைக் கேட்டு யாரும் பேச்சை நிறுத்திவிடக் கூடாது என்று டிராகுலாவும் அதையேதான் சொல்கிறான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அவனை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த வெளிநாட்டவரே. அவருடைய ஆங்கிலம் நாவல் முழுவதும் தட்டுத்தடுமாறுகிறது. அதனால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை, அவர்மேல் அன்பே கொள்கிறார்கள். டிராகுலாவின் ஆங்கிலம் அதைவிடச் சிறப்பானது. ஹார்க்கரே அதைப் பாராட்டுகிறான். கதையின் அச்சம் அந்நியன் வேறுபட்டிருப்பதில் இல்லை, ஒரு நாள் அவனை அடையாளம் காண முடியாமல் போய்விடுமே என்பதில் இருக்கிறது. ஹார்க்கரின் உடையையே அணிந்துகொண்டு அவன் கோட்டைச் சுவரில் இறங்கிப் போகும் இடத்தையும் இதனோடு வைத்துப் பாருங்கள்.

நிலாமுற்றம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிழக்குக்கரை அவர்கள் எழுதியதை மையமாக வைத்தே உரையை அமைக்கப் போகிறேன். சிக்சாண்ட் தெருவுக்கும் மெத்வேஜாவுக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நோயையும் அந்நியனையும் ஒன்றாகக் காணும் வழக்கம் ஸ்டோக்கருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரேனும் சொல்ல முடியுமா?

பழந்தாள்

ஒரு வழி அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய தாய் சார்லட், 1832இல் அயர்லாந்தின் ஸ்லைகோ நகரைக் காலரா சூறையாடியபோது அங்கே வாழ்ந்த சிறுமி. அந்த நோய் கிழக்கிலிருந்து நாடு நாடாக, கடல் தாண்டி நெருங்கி வருவதாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்ததை அவர் பிற்காலத்தில் மகனுக்காக எழுதிக் கொடுத்தார். டிராகுலாவின் கப்பல் மெல்ல மெல்ல இங்கிலாந்தை நெருங்கும் அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். நகரிலிருந்து சில மைல் தொலைவில், சாலையோரத்தில் ஒரு வழிப்போக்கன் நோயுற்று விழுந்ததையும் சார்லட் அதில் சொல்கிறார். ஊரார் குழி தோண்டி, அவனைத் தொடாமல் நீண்ட கழிகளால் தள்ளி, உயிர் இருக்கும்போதே மண்ணைப் போட்டு மூடினார்கள்.